கேட்பாரற்ற வசனமும் பேசுவாரற்ற கதையும்

திரைப்படத்துக்கு உயிராக அமைவது கதையா, வசனமா என்னும் வினா தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய நாள்தொட்டு நம்மிடையே நிலவி வருகின்றது. தொலைக்காட்சி வந்தபின் அது மேலும் வலுத்ததேயன்றித் தணியவில்லை. ஒரு சாரார் வசனமே படம் என்பர். மேடைப் பேச்சைக் கேட்பதுபோற் கேட்டு, மனப்பாடஞ் செய்து, பல ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒப்புவிக்கத்தக்க வரிகள் இல்லாத படம் அவர்களுக்குப் படமாகாது. மற்றொரு சாரார் இவர்களைப் பார்த்து நகைப்பர். சினிமா காட்சிக் கலை. அதிலே பேச்சு வெறும் ஏவலாள். கதையின் கட்டுக்கோப்பும் எதிர்பாராத திருப்பமுமே எசமானர் என்பது இவர்களது கொள்கை. முன்னவர் பெரும்பாலும் வயதில் மூத்தோர். பின்னவர் திரைப்பட விழாக்களிலும் கைத்தொலைபேசித் திரையிலும் பிறநாட்டுப் படங்களைக் கண்டு பழகிய இளைஞர்.

இவ்விரு சாராருக்கும் நடுவர் பதவி வகிப்பது எமது நோக்கமன்று. இருவரும் ஒரே பிழையை இரு பக்கம் நின்று செய்கின்றனர் என்பதே எமது வாதம். யார், யாருக்கு, எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்ற கேள்வியை முன்னவர் மறந்தனர். ஆதலால் அவர்களுடைய வசனத்துக்குப் படத்தினுள்ளே கேட்பார் இல்லாமற் போயிற்று. மனிதர் ஒருவரோடொருவர் பேசுகின்ற பேச்சே அவர்தம் வாழ்வை நகர்த்துகின்றது என்பதைப் பின்னவர் மறந்தனர். ஆதலால் அவர்களுடைய கதையிலே பேசுவார் இல்லாமற் போயிற்று. இவ்விரு மறதிகளாலும் கலை நலிந்தது ஒருபுறமிருக்க, பொதுமக்களின் பேச்சும், அப்பேச்சிலே பொதிந்து கிடக்கும் சமுதாய வரலாறும் திரையிலிருந்து துரத்தப்பட்டன. ஈழத்துத் தமிழராகிய எம்மை இந்த இழப்பு இருமடங்காகத் தாக்கியிருக்கின்றது.

வசனக் கட்சியின் வரலாற்றை முதலில் நோக்குவோம். 1931 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும் படமெனப் போற்றப்படுகின்றது. அதிலே நாயகி தமிழிற் பேச, நாயகன் தெலுங்கிலே பேசினான். யார் எம்மொழியிற் பேசினால் என்ன, திரை பேசுகின்றது என்ற வியப்பே அன்று போதியதாயிருந்தது. அடுத்த சில ஆண்டுகள் பாட்டின் ஆட்சி நடந்தது. 1937 இல் 'அம்பிகாபதி' வந்தபோதுதான் உரைநடைப் பேச்சுக்குத் தனி மதிப்புப் பிறந்தது. அதன் வசனத்தை எழுதியவர் இளங்கோவன். படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். தமிழறியாதார் ஒருவர் காட்சியை அமைக்கத் தமிழறிந்தார் ஒருவர் பேச்சை அமைத்த இந்த வேலைப்பிரிவினை அப்படத்தின் சூழ்நிலையால் நேர்ந்தது. ஆயினும் கதை ஒருவர், வசனம் வேறொருவர், இயக்கம் மற்றுமொருவர் என்ற ஏற்பாடு பின்னர் தமிழ்ப் படவுலகில் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பேச்சைக் கதையிலிருந்து கழற்றியெடுத்துத் தனியே செய்து பூட்டலாம் என்னும் எண்ணத்துக்கு 'வசனகர்த்தா' என்ற பதவியே சான்றாக நிற்கின்றது.

1949 இல் அண்ணாத்துரையின் 'வேலைக்காரி', 1950 இல் மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி', 1952 இல் அவரே வசனம் எழுதிய 'பராசக்தி' என வரிசையாக வந்த படங்கள் வசனத்தை அரியணையில் ஏற்றின. இவற்றை இன்று எள்ளி நகையாடுவது படித்தவர் சிலருக்கு நாகரிகமாகிவிட்டது. நாம் அவர்களோடு சேரோம். எழுத்தறிவு பெறாத எண்ணற்ற மக்கள், தமக்கு இழைக்கப்படும் அநீதி தம் மொழியிலேயே பேர் சொல்லிக் கண்டிக்கப்படுவதை அப்படங்களிலே கேட்டனர். அரசரும் தேவரும் பேசிய திரையிலே பசித்தவன் ஒருவன் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டான். மக்கள் அவ்வசனங்களை மனப்பாடஞ் செய்தமை அறியாமையாலன்று. பிற இடங்களில் தமக்குக் கிட்டாத குரல் அங்கே கிட்டியமையால். அந்த வரலாற்றுப் பணியை மறுப்பவர் மக்களின் உணர்ச்சியையே மறுப்பவராவர்.

எனினும் பணியைப் போற்றுதல் வேறு. முறையை ஆராய்தல் வேறு. 'பராசக்தி'யின் கதையை நினைவுகூர்வோம். இரங்கூனிலே வாழும் மூன்று அண்ணன்மார்; மதுரையிலே மணம் முடிக்கும் ஒரே தங்கை. உலகப் போர் குடும்பத்தைச் சிதறடிக்கின்றது. கணவனை இழந்து கைக்குழந்தையோடு தெருவுக்கு வந்த தங்கை, வாழ வழியின்றிக் குழந்தையை ஆற்றிலே எறிந்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகின்றாள். நீதிபதியோ அவளுடைய அண்ணன்மாருள் ஒருவன். பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காகக் கூண்டிலேறும் இன்னோர் அண்ணன் குணசேகரன் ஆற்றும் உரை தமிழ்த் திரையின் மிகப் புகழ்பெற்ற உரையாகும். முதற்படத்திலேயே சிவாஜி கணேசனை உச்சியிலேற்றிய உரை அது. கேட்டோர் உருகினர். ஆனால் கதையின் முடிச்சை அவிழ்த்தது எது? ஆற்றில் எறியப்பட்ட குழந்தை ஒரு படகிலே விழுந்து பிழைத்துக்கொண்டது என்ற செய்தியும், அக்குழந்தையோடு ஒருத்தி மன்றுக்கு வந்து சேர்ந்தமையுமே விடுதலைக்கு வழி செய்கின்றன.

இதன் பொருளை வாசகர் சிந்திக்க வேண்டும். உரையிலே சமுதாயம் குற்றவாளி. கதையிலே தற்செயல் இரட்சகன். உரை கேட்ட கேள்விக்குக் கதை விடை சொல்லவில்லை. படகு ஒன்றை அனுப்பிவைத்தது. படகு வராதிருப்பின் அந்த மன்று என்ன செய்திருக்கும்? அவ்வினாவை எழுப்பும் துணிவு கதைக்கு இல்லை. குணசேகரன் பேசியது நீதிபதிக்கன்று. நீதிபதியின் தலைக்கு மேலாகக் கொட்டகையில் அமர்ந்திருந்த கூட்டத்துக்கே அவன் பேசினான். கூட்டம் கைதட்டியது, கண்ணீர் விட்டது, குடும்பம் ஒன்று சேர்ந்தது கண்டு நிம்மதியோடு வீடு திரும்பியது. குற்றஞ் சாட்டப்பட்ட சமுதாயமும் அவர்களோடு கூடவே விடுதலையாகி வீடு திரும்பியது.

இதே தமிழில் இன்னொரு நீதிமன்றம் உண்டு. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் இளங்கோவடிகள் அமைத்த பாண்டியன் அவை அது. அங்கும் கணவனை இழந்த பெண்ணொருத்தி நீதி கேட்கின்றாள். ஆனால் அங்கே யாரும் உரையாற்றவில்லை; உரையாடுகின்றனர். நீ யாரென அரசன் கேட்கின்றான். அவள் தன் ஊரையும் அவ்வூர் மன்னரின் நீதியையும் கணவனின் பேரையும் தன் பேரையும் சொல்கின்றாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்பது அவன் விடை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்பது அவள் மறுமொழி. தன் தேவியின் சிலம்பிலிருப்பது முத்து என்கின்றான் அவன். சிலம்பு உடைகின்றது, மணி தெறிக்கின்றது, தானே கள்வன் என்றுணர்ந்த அரசன் வீழ்கின்றான். ஒவ்வொரு சொல்லும் எதிரே நிற்பவனின் நிலையை மாற்றுகின்றது. மாறிய நிலையிலிருந்து அடுத்த சொல் பிறக்கின்றது. ஓர் அரசு வீழ்வதற்குத் தற்செயல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருப்பது என்ன என்ற ஒரு கேள்வியும் அதற்கு நேர்மையான ஒரு விடையும் போதியனவாயிருந்தன. அவ்விடத்திலே வசனம் எது, கதை எது என்று பிரித்துக் காட்ட வல்லார் யார்?

இளங்கோவுக்கு இந்த அறிவு வானத்திலிருந்து வந்ததன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிக் காட்டும் 34 உறுப்புகளிலே எழுத்து, அசை, சீர் என்பவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்பனவும் இடம்பெறுகின்றன. பேசுவோன் மட்டுமன்றிக் கேட்போனும் செய்யுளின் உறுப்பு என வகுத்தமை சிந்திக்கத்தக்கது. இன்ன இடத்தில், இன்ன வேளையில், இன்னார்க்கு இன்னார் இதனைச் சொல்லுதல் பொருந்தும் என்பதை உணர்த்துவது முன்னம். சொல்லாது விடப்பட்டுக் கேட்போன் உணர்ந்துகொள்ளுமாறு நிற்பது எச்சம். அகப்பாட்டு ஒவ்வொன்றும் தோழி கூற்று, தலைவி கூற்று, செவிலி கூற்று எனப் பேசுவோர் பேராலேயே அறியப்படுகின்றது. திரைக்கதைக் கலையைப் பிறநாட்டு நூல்களிலே தேடித் திரியும் எமது இளைஞர் தமது பாடப் புத்தகத்திலே பரீட்சைக்காகப் படித்துவிட்டு மூடிவைத்த இவ்வுறுப்புகளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. முன்னம் அறியாத வசனம் எவ்வளவு அழகியதாயினும் உரையாடலாகாது.

இனி மற்றக் கட்சிக்கு வருவோம். வசனப் பெருக்கைக் கண்டு சலித்து, காட்சியையும் கட்டுக்கோப்பையும் நாடியவர்கள் செய்த நன்மையையும் நாம் மறக்கவில்லை. 1954 இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டும் நடனமுமின்றி வெளிவந்தது. உலகப் போர்க்காலச் சென்னையில் நடந்த ஒரு கொலையைப் பலர் பலவாறு எடுத்துரைக்கும் படம் அது. அதன் சிறப்பு கொலையாளி யார் என்ற புதிரில் மட்டும் அடங்கிவிடவில்லை. சாட்சி சொல்லும் ஒவ்வொருவரும் பிறர் மேல் ஐயத்தைத் திருப்பிப் பேசும்போதே தம்மைத் தாமே காட்டிக்கொடுத்து விடுகின்றனர். அங்கே கதையின் புதிரும் பேசுவோரின் குணமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

ஆனால் இன்றைய கதைக் கட்சியினர் புதிரை மாத்திரம் எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிட்டனர். படம் பார்த்து வந்தவனிடம், முடிவைச் சொல்லிவிடாதே என்று காதைப் பொத்திக்கொள்கின்றனர். முடிவைச் சொன்னவுடன் மதிப்பிழந்து போகும் படைப்பு விடுகதைக்கு ஒப்பானது. விடை தெரிந்தபின் விடுகதையை யாரும் மீளக் கேட்பதில்லை. சிலப்பதிகாரத்தின் முடிவையறியாது அதைப் படித்தவர் எத்தனை பேர்? காமன் கூத்தின் முடிவையறியாது விடியும்வரை கண்விழித்திருந்தவர் எத்தனை பேர்? முடிவு தெரிந்தும் பார்க்கின்றோமென்றால், எவ்வாறு அம்முடிவுக்கு மனிதர் தள்ளப்படுகின்றனர் என்பதைக் காணவே பார்க்கின்றோம்.

இதற்கு அயல்நாட்டுச் சான்றொன்று தருவோம். றெஜினால்ட் ரோஸ் எழுதி 1954 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமாக வந்து, 1957 இல் சிட்னி லூமெற் இயக்கத்தில் படமாகிய 'பன்னிரண்டு கோபக்காரர்கள்' ஏறக்குறைய முழுவதும் ஓர் அறைக்குள்ளேயே நிகழ்கின்றது. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்ட ஓர் ஏழை இளைஞனின் உயிர் பன்னிரண்டு யூரர் கையில் இருக்கின்றது. முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் அவனைக் குற்றவாளி என்கின்றனர். ஒருவர் மட்டும் பேசிப் பார்ப்போம் என்கின்றார். 96 நிமிடங்களின் முடிவில் எல்லோரும் மாறிவிடுகின்றனர். கொலை செய்தவன் யார் என்பது இறுதிவரை எமக்குச் சொல்லப்படவில்லை. கதைக் கட்சியின் இலக்கணப்படி இது தோல்வியுற்ற கதை. ஆயினும் சேரிப் பிள்ளைகளைப் பற்றிய வெறுப்பு ஒருவரின் வாயால் வழிந்து வெளிவரும்போது மற்றவர் ஒவ்வொருவராக அவருக்கு முதுகைக் காட்டுகின்றனரே, அங்கே சொல் செயலாகின்றது. தம் மகனோடு கொண்ட மனக்கசப்பையே ஒருவர் தீர்ப்பெனக் கருதியிருந்தார் என்பது அவருடைய பேச்சு இடறும் இடத்தில் வெளிப்படுகின்றது. துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத அவ்வறையில் ஓர் உயிர் காக்கப்பட்டது பேச்சினாலேயே.

அப்படியாயின் சினிமாவில் மௌனத்துக்கு இடமில்லையா எனக் கேட்கலாம். மௌனம் பேச்சின் பகையன்று. அது தொல்காப்பியர் கூறிய எச்சம். 1974 இல் வெளிவந்த 'தங்கப்பதக்கம்' படத்துக்கு முழங்கும் வசனங்களை எழுதிய மகேந்திரனே 1979 இல் 'உதிரிப்பூக்கள்' படத்தை இயக்கினார். ஊரையும் மனைவியையும் வதைத்த ஒருவனை ஊரார் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நீரிலிறங்கிச் சாகும்படி வற்புறுத்துகின்றனர். தான் செய்த தவறுகளிலெல்லாம் பெரியது உங்களையும் என்னைப்போல் ஆக்கியதே என்ற கருத்துப்பட அவன் சில சொற்கள் சொல்லுகின்றான். அவ்வளவுதான். கரையிலே நின்ற நீதிபதிகள் அக்கணமே குற்றவாளிகளாகி விடுகின்றனர். கேட்போர் எதிரே நிற்கின்றனர். சொல் அவர்களைச் சென்று தைக்கின்றது. அதன்பின் வரும் மௌனம் அச்சொல்லின் கனத்தைச் சுமக்கின்றது. நீண்டவுரையால் ஆகாதது அங்கே ஒரு வாக்கியத்தால் ஆயிற்று. அளவு முக்கியமன்று, முன்னமே முக்கியம்.

தொலைக்காட்சியில் இரண்டு நோய்களும் ஒருங்கே குடியேறியுள்ளன. இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1990 களின் பிற்பகுதியிலிருந்து செய்மதி வழியாகச் சென்னைத் தொடர்கள் எமது வீடுகளுக்குள் வந்து அமர்ந்தன. தொடரிலே பேச்சு ஓயாது. ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒருத்தி ஒரு சொல் சொன்னதும் சூழ நின்ற ஏழெட்டு முகங்கள் முறையே மும்முறை காட்டப்படுகின்றன. கதையோ வார இறுதியில் ஒரு திருப்பத்திலே தொங்கவிடப்பட்டு, அடுத்த வாரம் அத்திருப்பம் ஒன்றுமில்லையென்று கலைக்கப்படுகின்றது. இதற்குக் காரணம் எழுத்தாளரின் திறமைக் குறைவு என்று சொல்லிவிட்டு அமைதி கொள்வது தவறு. அரைமணி நேரத்தை விளம்பரக்காரருக்கு விற்கும் வியாபாரத்திலே பேச்சு நேரத்தை நீட்டும் கருவி; திருப்பம் பார்ப்பவரை நாளை வரை கட்டிவைக்கும் கயிறு. வசனமும் கதையும் அங்கே மூன்றாமவன் ஒருவனுக்கே ஊழியஞ் செய்கின்றன. இதனை உணராது வசனமா கதையா என்று வாதிடுவோர், இரண்டையும் வாங்கி விற்பவனின் கடை வாயிலிலே நின்று வாதிடுகின்றனர்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. மேடை நாடகத்திலிருந்து பிறந்த அப்படம் தென்னிந்தியக் கலைக்கூடத்தில் எடுக்கப்பட்டது. சிங்களப் பாத்திரங்கள் தென்னிந்தியப் படப் பாணியிலே பேசிப் பாடிய காலம் அது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமெராவைக் கலைக்கூடத்திலிருந்து வெளியே எடுத்துச் சென்றார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலிலிருந்து றெஜி சிறிவர்தன எழுதிய 'கம்பெரலிய' 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருது பெற்றது. சரிந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய வீட்டாரின் தாழ்ந்த குரற் பேச்சிலும், சொல்லாது விழுங்கிய காதலிலும் ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சி முழுவதும் கேட்டது. தம் பேச்சைத் தாம் கேட்கத் தொடங்கிய நாளிலேதான் சிங்களத் திரை தன் கதையைக் கண்டுபிடித்தது.

ஈழத்துத் தமிழ்த் திரைக்கும் இத்தகைய விழிப்பு வாய்க்காமலில்லை. 1972 இல் வந்த 'குத்துவிளக்கு', 1977 இல் காவலூர் ராஜதுரை எழுதி தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி', 1978 இல் செங்கை ஆழியான் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' ஆகியவை யாழ்ப்பாணத்து மக்களை யாழ்ப்பாணத்து நிலத்திலே காட்ட முனைந்தவை. 'பொன்மணி' சீதனத்தையும் சாதியையும் பற்றிய படம். யாழ்ப்பாணத்து வீடொன்றிலே என்ன பேசப்படுகின்றது, என்ன பேசப்படாமல் விடப்படுகின்றது என்பதை ஒரு சிங்களக் கலைஞர் காது கொடுத்துக் கேட்டார். எமது ரசிகரோ கொட்டகையிலே அதை நெடுநாள் நிற்கவிடவில்லை. முழங்கும் வசனமும் துள்ளும் கதையும் பழகிய காதுக்குத் தன் வீட்டுப் பேச்சே அந்நியமாய்ப் பட்டது. பின்னர் 1983 யூலை வன்செயலும் 2009 வரை நீண்ட போரும் அம்முயற்சிகளின் தொடர்ச்சியை அறுத்தன.

எமது பேச்சைத் திரையிலிட்டால் பிறநாட்டுத் தமிழருக்கு விளங்காது என்பது நாம் ஓயாது கேட்கும் வாதம். 1960 களின் முற்பகுதியிலே முற்போக்கு எழுத்தாளர் மக்களின் பேச்சைக் கதைகளிற் கையாண்டபோது அதனை இழிசனர் வழக்கென்று பழித்த பண்டிதக் குரலின் புதிய உருவமே இது. அன்று தூய்மையின் பேரால் மறுத்தனர். இன்று சந்தையின் பேரால் மறுக்கின்றனர். கோயம்புத்தூர்ப் பேச்சும் மதுரைப் பேச்சும் சென்னைச் சேரிப் பேச்சும் அகராதியின் உதவியின்றியே எமக்கு விளங்கவில்லையா? கேட்கக் கேட்கப் பழகிற்று. எமக்கு இயன்றது பிறருக்கு இயலாதென்பது அவர்களையும் தாழ்த்தும் வாதம். 1948 இல் இத்தாலியிலே லூக்கினோ விஸ்கொந்தி 'மண் நடுங்குகிறது' என்ற படத்தை ஆச்சி திரெத்சா என்ற சிசிலித் தீவுக் கிராமத்திலே எடுத்தார். நடிகர் அவ்வூர் மீனவர். அவர்கள் பேசியது தலைநிலத்து இத்தாலியருக்கே விளங்காத சிசிலிப் பேச்சு. அதற்காகப் பேச்சை மாற்றவில்லை, விளக்கவுரையொன்று சேர்க்கப்பட்டது. மீன் வியாபாரிகளின் பிடியை உடைக்க முயன்று தோற்ற ஒரு குடும்பத்தின் கதை அது. அதை அம்மீனவர் றோமாபுரிப் பேச்சிலே சொல்லியிருந்தால் அவர்களுடைய தோல்வியும் இரவல் தோல்வியாகவே இருந்திருக்கும்.

பேச்சு எவ்வாறு கதையாகின்றது என்பதற்கு எமது மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியாரை 'நயினார்' என்றும் அவர்தம் பெண்களை 'நாச்சியார்' என்றும் விளிக்க வேண்டியிருந்தது. பதிலுக்குக் கிடைத்தது 'எடே' என்ற ஒருமை. வயதில் மூத்தவருக்கும் அதுவே. ஒரு நாள் ஒருவன் படலையடியிலே நின்று, வாய்வரை வந்த 'நயினார்' என்னும் சொல்லை விழுங்கிவிட்டு, 'ஐயா' என்று அழைத்திருப்பான். திண்ணையிலிருந்தவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருப்பார். அந்தப் பார்வைக்கும் அடுத்த சொல்லுக்குமிடையே தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968 இல் மாவிட்டபுரத்திலே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அடங்கிக் கிடக்கின்றன. இதைவிடப் பெரிய திருப்பம் எந்தக் கதையில் உண்டு? ஆனால் திருப்பத்தை வெடிச் சத்தத்திலே தேடுபவனுக்கு இச்சொல் மாற்றம் கேளாது. அழகிய வசனத்திலே தேடுபவனுக்கும் கேளாது. ஏனெனில் 'ஐயா' என்பதிலே அலங்காரம் எதுவுமில்லை. மலையகத்திலே துரைக்கும் கங்காணிக்கும் தொழிலாளிக்குமிடையே வழங்கிய விளிகளும் இவ்வாறே தமக்குள் நூறாண்டுக் கதையை வைத்திருக்கின்றன. அவற்றைப் பொதுத் தமிழாக்குபவன் அக்கதையையும் சேர்த்து அழிக்கின்றான்.

பாடசாலையிலே கற்பிக்கும் எமக்கு இதன் விளைவு நாள்தோறும் தென்படுகின்றது. இடைவேளையிலே தம் பேச்சிற் சிரித்து, சண்டையிட்டு, கிண்டல் செய்யும் மாணவரிடம் ஒரு நாடகம் எழுதும்படி சொன்னால், கடற்றொழிலாளியான தகப்பனும் சென்னைத் தொடரின் தகப்பனாகவே பேசத் தொடங்கிவிடுகின்றான். வீட்டை விட்டுப் புறப்படும் மகன் 'நான் கிளம்பறேன்' என்கின்றான். எமது வீடுகளிலே புறப்படுபவன் 'போட்டு வாறன்' என்பான். 'போறன்' என்று மட்டும் சொன்னால் வீட்டிலுள்ள மூத்தவர் திருத்துவர். திரும்பி வருவேன் என்ற வாக்குறுதி அதில் இருக்கின்றது. அவ்வாறு சொல்லிப் போய்த் திரும்பாதவர் எத்தனை பேர் என்பதை எமது தாய்மார் அறிவர். அச்சொல்லை வைத்துக்கொண்டு கதைக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. அதைக் கைவிட்டு இரவற் சொல்லை எழுதும் பிள்ளை, தன் துயரம் தன் பேச்சிலே சொல்லத் தகுதியற்றது என்று யாரோ கற்பித்ததை நம்பிவிட்டது. அவ்வாறு கற்பித்தவை திரையும் தொலைக்காட்சியும். அவற்றோடு, பேச்சுத் தமிழைக் கண்டதும் சிவப்புக் கோடு இழுக்கும் எமது வகுப்பறைகளுமே.

ஆகவே படைப்போரிடமும் பார்ப்போரிடமும் நாம் சில கேட்கின்றோம். இன்று கையிலுள்ள தொலைபேசியாலேயே குறும்படம் எடுக்கும் இளைஞர் எமது ஊர்களிலே பெருகியிருக்கின்றனர். கலைக்கூடமும் முதலாளியும் இல்லாமலே படம் செய்ய இயலும் என்ற நிலை முதன்முறையாக வந்திருக்கின்றது. அவர்கள் எழுதும் ஒவ்வொரு வசனத்தையும் பார்த்து, இதைப் படத்தினுள்ளே கேட்பவன் யார், கேட்டபின் அவன் முன்போல் இருப்பானா எனக் கேட்பாராக. இருப்பானாயின் அவ்வசனம் கைதட்டலுக்கு எழுதப்பட்டது. அமைக்கும் ஒவ்வொரு திருப்பத்தையும் பார்த்து, இது எந்த மனிதனின் சொல்லாலோ சொல்லாமையாலோ விளைந்தது எனக் கேட்பாராக. விடை கிடைக்காவிடின் அது படகிலே விழுந்த குழந்தை. நாடகப் போட்டிகளுக்கு நடுவராக அமர்வோர் 'தூய தமிழ்' என்ற ஒற்றை அளவுகோலை வீட்டிலே வைத்துவிட்டு வருவாராக. பார்ப்போராகிய நாம், எமது பேச்சு திரையிலே முதன்முறை கேட்கும்போது எழும் அந்தக் கூச்சத்தைக் கடந்து, இரண்டாம் முறையும் கேட்கப் பழக வேண்டும்.

வசனமா கதையா என்ற வாதத்தை இனியும் வளர்க்க விரும்புவோர் வளர்க்கட்டும். பேசும் மனிதரையும் கேட்கும் மனிதரையும் நேருக்கு நேர் நிறுத்தும் படைப்பு வருமாயின் அவ்வாதத்துக்கு அங்கே வேலையிராது. பாண்டியன் அவையிலே சிலம்பு உடைந்தபோது, அது கதையின் வெற்றியா, வசனத்தின் வெற்றியா என்று எவரும் கேட்டதில்லை.